காசு கொடுக்காமல் வந்த லிங்க்குகள்

சித்தப்பாவுக்கு ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை. கல், அதாவது டைல்ஸ், ஊற்றுவது அவர் வேலை, இணையதளத்தைப் பார்த்துக்கொள்வது என் வேலை. காரைக்குடியில் உட்கார்ந்துகொண்டு இந்தப் பட்டறைக்கும், பலகாரம் விற்கும் ஓர் ஆச்சிக்கும், கானாடுகாத்தானில் பழைய வீட்டில் விருந்தினரைத் தங்கவைக்கும் ஒரு குடும்பத்துக்கும் தளம் நடத்துகிறேன். கூகுளில் மேலே வர பேக்லிங்க் வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். மற்றவர்கள் தங்கள் தளத்திலிருந்து நம் தளத்துக்குக் கொடுக்கும் இணைப்புதான் பேக்லிங்க். அதை யாரிடம் போய்க் கேட்பது, எப்படிக் கேட்பது என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. எங்களுக்கு எது கைகொடுத்தது, எது கொடுக்கவில்லை என்று எழுதிவைக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்லோருக்கும் இந்த வேலை தேவையில்லை. காரைக்குடியில் மெஸ் வைத்திருப்பவரைத் தேடுகிறவர் பெரும்பாலும் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு போனில் தேடுகிறார். அவருக்கு முதலில் தெரிவது கூகுள் மேப். அதில் யார் மேலே வருவது என்பதைப் பொருத்தம், தூரம், பிரபலம் ஆகிய மூன்றையும் வைத்து முடிவு செய்வதாகக் கூகுளே சொல்கிறது. லிங்க்குக்கும் பிரபலத்தில் கொஞ்சம் பங்கு உண்டு. ஆனாலும் மெஸ்காரர் கடை நேரத்தைச் சரியாகப் போட்டு, நல்ல படங்களை ஏற்றி, சாப்பிட்டவர்களிடம் நாலு வரி எழுதச் சொல்லி, அதற்குப் பதிலும் போட்டாலே பாதிக் கிணறு தாண்டியாகிவிடும். லிங்க் லிங்க் என்று அவர் அலைய வேண்டாம்.

பட்டறை கதை வேறு. எங்களிடம் கல் வாங்குகிறவர் சென்னையிலோ கொச்சியிலோ புனேயிலோ இருக்கிறார். மேப் அவருக்கு எங்களைக் காட்டாது. சாதாரணத் தேடலில் வந்தால்தான் உண்டு. ஆனால் ‘ஆத்தங்குடி டைல்ஸ்’ என்று அடித்தால் மேலே நிற்பவை பெரிய சந்தைத் தளங்களும், வேறு ஊரில் கடை வைத்து விற்பவர்களும், ஏதோ பத்திரிகைக் கட்டுரைகளும்தான். ஆத்தங்குடியில் கல் ஊற்றுகிறவர்கள் எங்கோ கீழே கிடந்தார்கள். சித்தப்பாவுக்கு இதில் உண்மையாகவே கோபம். “ஊர் பேர் நம்மளுது, யாவாரம் அவனுக்கா?” என்பார்.

தளம் ஆரம்பித்த கொஞ்ச நாளிலேயே போன் வர ஆரம்பித்துவிடும். ஆயிரம் பேக்லிங்க் இவ்வளவு ரூபாய், ஐயாயிரம் என்றால் தள்ளுபடி. ஓர் எக்செல் ஷீட்டும் அனுப்புவார்கள். அதில் தளங்களின் பெயரும், பக்கத்தில் டி.ஏ. என்று ஓர் எண்ணும் இருக்கும். டி.ஏ. என்பது டொமைன் அத்தாரிட்டி. மாஸ் என்ற நிறுவனம் தானாகப் போடும் மதிப்பெண் அது. கூகுளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அந்த ஷீட்டில் உள்ள முகவரிகளைத் திறந்து பார்த்தால் யாரும் வராத முகவரிப் பட்டியல்கள், புரியாத மொழியில் சூதாட்டப் பக்கங்கள், பெயரும் லிங்க்கும் மட்டும் உள்ள வெற்று சுயவிவரப் பக்கங்கள். யாராவது ஷீட் அனுப்பினால் அதில் பத்துத் தளங்களையாவது கையால் திறந்து பாருங்கள். அதற்கு மேல் யாரும் விளக்க வேண்டியிருக்காது.

காரைக்குடியில் எனக்குத் தெரிந்த கடைக்காரர் ஒருவர் அப்படி ஒரு மூட்டை வாங்கினார். தளம் நடத்துபவர்களுக்குக் கூகுள் தரும் கருவி சர்ச் கன்சோல். சில மாதம் கழித்து அவருடைய சர்ச் கன்சோலில் லிங்க் பகுதியைத் திறந்து பார்த்தோம். அவர் விற்கும் பொருளுக்குச் சம்பந்தமே இல்லாத தளங்கள் வரிசையாக நின்றன. தேடலில் அவர் இடம் நகரவில்லை. “இதையெல்லாம் நீக்கச் சொல்லி கூகுளுக்கு எழுதணுமா தம்பி?” என்று கேட்டார். அதற்கென்றே 2012 முதல் டிஸ்அவோ என்று ஒரு வசதி இருக்கிறது. ஆனால் கூகுளில் ஓர் ஆள் பார்த்து நேரடியாகத் தண்டனை போட்டதாக அறிவிப்பு வந்திருந்தாலோ, வரும் என்று பயப்படக் காரணம் இருந்தாலோ ஒழிய அதைத் தொட வேண்டாம் என்பதுதான் கூகுளின் அறிவுரை. அவருக்கு அறிவிப்பு எதுவும் வரவில்லை. அப்படியே விட்டுவிட்டோம். போனது காசு மட்டும்தான்.

இது ஏன் வேலை செய்வதில்லை என்று தெரிந்துகொண்டால் மற்றது தானாகப் புரியும். 1990-களின் பிற்பகுதியில் லாரி பேஜும் செர்ஜி பிரினும் ஸ்டான்ஃபோர்டில் கூகுளைக் கட்டியபோது பிடித்த யோசனை சுலபமானது. ஒரு பக்கத்துக்கு எத்தனை பேர் லிங்க் கொடுக்கிறார்கள் என்று எண்ணினால் போதாது, கொடுப்பவர் யார் என்று பார்க்க வேண்டும். அவருக்கு எத்தனை பேர் கொடுக்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எங்கள் பக்கம் கல்யாணத்துக்குச் சமையல்காரர் பிடிப்பது இப்படித்தான். பத்து வீட்டு விசேஷம் நடத்திய ஓர் ஆச்சி “அவர் கை நல்ல கை” என்று ஒரு வார்த்தை சொன்னால் முன்பணம் கொடுத்துவிடுவார்கள். தெருவில் போகும் நூறு பேரை நிறுத்திச் சொல்லவைத்தாலும் யாரும் கேட்கப் போவதில்லை.

ஆரம்ப காலத்தில் நூறு பேரைச் சொல்லவைத்தவர்களும் பிழைத்தார்கள் என்பது உண்மை. 2012 ஏப்ரலில் பென்குயின் என்ற மாற்றத்தைக் கூகுள் கொண்டுவந்ததும் காசுக்கு வாங்கிய லிங்க்கோடு இருந்த ஏராளமான தளங்கள் ஒரே அடியாகக் கீழே போயின. 2016 செப்டம்பரிலிருந்து பென்குயின் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கிறது. இப்போது பெரும்பாலும் தண்டனைகூடக் கிடையாது, அந்த லிங்க்கைக் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளாது. 2022 டிசம்பரில் ஸ்பாம்பிரெயின் என்ற இயந்திரக் கற்றல் முறையையும் லிங்க் விற்பவர்களைப் பிடிக்க இறக்கிவிட்டார்கள். ஆகவே இன்றைக்கு ஆயிரம் லிங்க் வாங்குகிறவருக்குப் பெரும்பாலும் நல்லதும் நடக்காது, கெட்டதும் நடக்காது. அதனால்தான் விற்பவர்களின் வியாபாரம் இன்னும் ஓடுகிறது. தளம் விழுந்தால் சண்டைக்கு வருவார்கள். ஒன்றும் நடக்காவிட்டால் “கூகுள் மெதுவாத்தான் சார் எடுக்கும்” என்று சொல்லிக்கொண்டே அடுத்த மாதக் காசையும் வாங்கிவிடலாம்.

சரி, அப்போது யாரிடம் கேட்பது? எங்களுக்கு அதற்கான பட்டியல் சித்தப்பாவின் ஆர்டர் நோட்டில் இருந்தது.

நீளமான கணக்கு நோட்டு அது. இடது ஓரத்தில் டிசைன், நடுவில் நிறமும் சதுர அடியும், அப்புறம் ஊர். வலது ஓரத்தில் ‘இன்ஜினியர்’ என்று போட்டு ஒரு போன் நம்பர். வீட்டுக்காரர் பெயரைவிட இன்ஜினியர் நம்பர் பெரிதாக எழுதப்பட்டிருக்கும். லாரி எப்போது வரும் என்று கேட்டு நச்சரிப்பவர் அவர்தானே. சிமெண்ட் கை பட்டுச் சில பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன, பிரித்துப் பிரித்துப் படித்தேன். ‘இன்ஜினியர்’ என்று எழுதியிருந்தவர்களில் பாதிப் பேர் ஆர்க்கிடெக்ட்கள். அவர்களுக்குத் தளம் இருக்கிறது. கட்டிய வீடுகளைப் படம் போட்டு, கீழே மரம் இது, தரை ஆத்தங்குடி டைல்ஸ் என்று ஆங்கிலத்தில் விவரமும் எழுதியிருக்கிறார்கள். படத்தில் இருப்பது எங்கள் கல். லிங்க் மட்டும் இல்லை.

இதைவிட நல்ல லிங்க் எங்கே கிடைக்கும்? சொல்பவர் துறைசார்ந்தவர். பக்கத்தின் பொருளும் எங்கள் பொருளும் ஒன்று. படிப்பவர் வீடு கட்டப் போகிறவர். அதோடு அவர் பொய்யாக எதையும் சொல்ல வேண்டியதில்லை, கல் எங்கிருந்து வந்தது என்ற உண்மையைச் சேர்த்தால் போதும்.

கேட்கும் விதத்தில்தான் சூட்சுமம். “எங்களுக்கு ஒரு பேக்லிங்க் கொடுங்கள்” என்று எழுதினால் ஸ்பாம் என்று தள்ளிவிடுவார்கள். நான் வாட்ஸாப்பில் அனுப்பியது ஏறக்குறைய இப்படி இருக்கும்: “வணக்கம் சார். ஆத்தங்குடி பட்டறையிலிருந்து எழுதுகிறேன். நீங்கள் கட்டிய வீட்டின் முற்றத்துக்கு ஊற்றிய கல், பட்டறையில் காயவைத்திருந்தபோது எடுத்த படங்கள் எங்களிடம் இருக்கின்றன. உங்கள் தளத்தில் அந்த வீட்டைப் பார்த்தேன், ரொம்ப நன்றாக வந்திருக்கிறது. வேண்டுமானால் இந்தப் படங்களையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள். கல் எங்கே செய்தது என்று கேட்பவர்களுக்கு வசதியாக எங்கள் பக்கத்தின் முகவரியும் கீழே இருக்கிறது.” படங்களைக் கூடவே அனுப்பிவிடுவேன். அவர் கேட்கட்டும், அப்புறம் அனுப்பலாம் என்று காத்திருந்தால் அந்தப் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

பலர் பதில் போடவில்லை. சிலர் கட்டைவிரலைக் காட்டிவிட்டு விட்டுவிட்டார்கள். சிலர் அன்றைக்கே போட்டார்கள். அந்தச் சிலர் போதும். ஒரு முறை நினைவூட்டலாம், இரண்டாம் முறை வேண்டாம். அவர் நாளைக்குக் கல் வாங்க வேண்டியவர்.

லிங்க்கில் என்ன வார்த்தை போட வேண்டும் என்று ஒருவர் கேட்டார். லிங்க்காகத் தெரியும் அந்த எழுத்தை ஆங்கர் டெக்ஸ்ட் என்பார்கள். அதில் ‘மலிவு விலை ஆத்தங்குடி டைல்ஸ்’ போலத் தேடல் சொற்களைத் திணிக்கச் சொல்லும் ஆட்கள் உண்டு. நான் ஒன்றும் சொல்லவில்லை, உங்களுக்கு எது வருகிறதோ அதை எழுதுங்கள் என்றேன். ஒருவர் பட்டறை பெயரைப் போட்டார், ஒருவர் ‘ஆத்தங்குடியில் ஒரு குடும்பம்’ என்று போட்டார், இன்னொருவர் வெறும் முகவரியை ஒட்டினார். இயல்பாக எழுதினால் இப்படித்தான் கலந்து வரும். எல்லா லிங்க்கிலும் ஒரே சொற்றொடர் இருந்தால் யாரோ உட்கார்ந்து செய்த வேலை என்று கூகுளுக்குத் தெரிந்துவிடும்.

தானாக லிங்க் வர வேண்டுமானால் லிங்க் கொடுக்கத் தகுந்த ஒரு பக்கமாவது தளத்தில் இருக்க வேண்டும். விலைப் பட்டியலுக்கு யாரும் லிங்க் கொடுக்க மாட்டார்கள். செட்டிநாட்டு வரலாறு என்று ஒரு பக்கம் போடச் சொன்னார்கள் சிலர். பர்மா தேக்கு, இத்தாலிப் பளிங்கு, முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்புப் பூச்சு என்று அதே கதையை எழுதாத தளம் இந்த வட்டாரத்தில் இல்லை. புதிதாக ஒருவர் அதையே எழுதினால் யார் சீந்துவார்கள்? அதைப் போடவில்லை.

சித்தப்பாவுக்கு வரும் போன்களை ஒரு வாரம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். ஒரே கேள்விகள்தான். கொத்தனாருக்குப் பதிக்கத் தெரியவில்லை, என்ன சொல்வது? இடைவெளி விடணுமா? கறை பட்டால் என்ன ஊற்றுவது? பளபளப்பு வரவில்லையே? இவற்றுக்குச் சித்தப்பா சொல்லும் பதிலை அப்படியே எழுதி ஒரு பக்கம் ஆக்கினோம். தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று.

அந்தப் பக்கத்தில் கல் செய்யும் முறையையும் படத்தோடு போட்டோம். கண்ணாடித் துண்டைத் துடைத்து, அதன் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, பூ அச்சை உள்ளே இறக்குவார்கள். அச்சின் ஒவ்வொரு அறையிலும் ஒரு நிறக் குழம்பு ஊற்றி, அச்சை ஆடாமல் மேலே தூக்க வேண்டும். அந்த ஒரு நொடியில் கை நடுங்கினால் நிறம் ஒன்றோடொன்று ஓடிவிடும். அதன் மேல் சிமெண்டும் மணலும் கலந்த உலர்ந்த தூள், அதற்கும் மேல் ஈரக் கலவை, அப்புறம் மட்டம். கல் இறுகியபின் தண்ணீர்த் தொட்டியில் ஊறும், எடுத்துக் காயவைப்பார்கள். சூளை கிடையாது, நெருப்பே கிடையாது. கண்ணாடியைக் கல்லிலிருந்து பிரித்தெடுக்கும்போது அந்த வழவழப்பு கல்லின் முகத்தில் தங்கியிருக்கும். இதைப் புரிந்துகொண்டவருக்கு ஆசிட் ஏன் ஆகாது என்று தனியாகச் சொல்ல வேண்டாம். இது சிமெண்ட், ஆசிட் அதைத் தின்றுவிடும்.

இந்தப் பக்கத்துக்குத்தான் நாங்கள் கேட்காமலே லிங்க் வந்தது. பழைய வீட்டைப் புதுப்பித்த அனுபவத்தை எழுதிய ஒருவர், உள் அலங்காரம் பற்றி எழுதும் ஒருவர், ஏற்கெனவே எங்கள் கல்லை வாங்கிய ஓர் ஆர்க்கிடெக்ட் என்று ஒவ்வொருவராக. “பராமரிப்புக்கு இதைப் பாருங்கள்” என்று அவர்கள் தங்கள் வாசகரை அனுப்புகிறார்கள். அவர்களுக்கு விளக்கும் வேலை மிச்சம். ஓர் ஊரில் ஒரு தொழிலில் முப்பது வருஷம் இருப்பவருக்கு இப்படி ஒரு பக்கத்துக்கான சரக்கு வாயிலேயே இருக்கும், எழுதித்தான் இருக்காது.

மாணவர்களை மறக்கக் கூடாது. கட்டடக்கலை படிக்கும் பிள்ளைகள் அளவெடுக்க, வரைய என்று கானாடுகாத்தானுக்கும் ஆத்தங்குடிக்கும் வந்துகொண்டே இருக்கிறார்கள். செட்டிநாட்டுக் கிராமங்கள் 2014-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்ந்தவை, பாடத்துக்கு நல்ல பொருள். வருகிறவர்களுக்குப் பட்டறையைச் சுற்றிக் காட்டுவதோடு, பழைய டிசைன்களின் கோட்டுப் படங்களைத் தளத்தில் இலவசமாகப் போட்டு வைத்தோம். பயன்படுத்தினால் எங்கிருந்து எடுத்தது என்று போடுங்கள் என்று மட்டும் கேட்டோம். கல்லூரித் தளங்களில் சில அறிக்கைகள் ஏறின, அவற்றில் எங்கள் முகவரியும் ஏறியது. பிள்ளைகளுக்கு டீயும் சித்தப்பா செலவு.

படங்கள் இன்னொரு வழி. எங்கள் தளத்துப் படங்களை எடுத்து யார் யாரோ போட்டிருந்தார்கள். கூகுள் லென்ஸில் படத்தைக் கொடுத்தால் அது எங்கெங்கே இருக்கிறது என்று காட்டிவிடும். நீக்கச் சொல்லிச் சண்டை போடலாம். “படம் எங்களுடையது, தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள், கீழே பெயரும் லிங்க்கும் போட்டுவிடுங்கள்” என்றும் சொல்லலாம். இரண்டாவதற்கு மறுப்பு அதிகம் வராது. தப்பு தங்கள் பக்கம் என்று அவர்களுக்கே தெரியும்.

விக்கிப்பீடியாவில் நாமே போய் நம் லிங்க்கைச் செருகும் வேலை வேண்டாம். அங்கே தொகுப்பவர்கள் எடுத்துவிடுவார்கள், பெயரும் கெடும். அதோடு ஆங்கில விக்கிப்பீடியாவிலிருந்து வெளியே போகும் லிங்க்குகளில் 2007 முதல் நோஃபாலோ குறி இருக்கிறது. ‘இந்த லிங்க்குக்கு நான் பொறுப்பில்லை’ என்று தேடுபொறிக்குச் சொல்லும் குறி அது, 2005-ல் வந்தது. காசு வாங்கிப் போட்ட லிங்க்குக்கு ஸ்பான்சர்டு, வாசகர்கள் எழுதும் இடத்து லிங்க்குக்கு யு.ஜி.சி. என்று 2019-ல் இன்னும் இரண்டு குறிகளைக் கூகுள் சேர்த்தது. நோஃபாலோவை அன்றிலிருந்து கட்டளையாக இல்லாமல் ஒரு குறிப்பாக மட்டும் எடுத்துக்கொள்கிறது. அதற்காக நோஃபாலோ லிங்க் வீண் என்று தள்ளிவிட வேண்டாம். கானாடுகாத்தான் வீட்டுக்கு ஒரு பயணத் தளத்திலிருந்து வரும் லிங்க் நோஃபாலோதான். அதன் வழியாக வருகிறவர்கள் அறை பதிவு செய்கிறார்கள். கூகுளுக்குப் பிடித்தால் என்ன, பிடிக்காவிட்டால் என்ன?

அந்த வீட்டுக்காரர் ஒரு நாள், “நீங்க எனக்குப் போடுங்க, நான் உங்களுக்குப் போடுறேன்” என்றார். மாற்றி மாற்றி லிங்க் போடுவதைக் கூகுள் முழுக்கத் தடுக்கவில்லை, அதற்கென்றே செய்யும் அளவுமீறிய பரிமாற்றத்தைத்தான் ஸ்பாம் என்கிறது. கூகுள் என்று ஒன்று இல்லாவிட்டாலும் இந்த லிங்க்கைப் போடுவோமா என்று நாங்கள் பார்ப்போம். அவர் வீட்டு வளவில் பழுதான இடங்களில் போட்டது எங்கள் கல். அங்கே தங்குகிறவர்கள் பட்டறை பார்க்க வருகிறார்கள். கல் தேர்வு செய்ய வருகிறவர்கள் எங்கே தங்கலாம் என்று கேட்கிறார்கள். போட்டோம். எங்கோ இருந்த ஒரு கார் விற்பனைத் தளம் இதே பரிமாற்றத்தைக் கேட்டபோது பதில் போடவில்லை.

பலகார ஆச்சி கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தேன்குழல், மணகோலம், சீப்புச்சீடை எல்லாம் வெளிநாட்டுக்கும் போகிறது. அவருக்கு நல்ல லிங்க் எல்லாம் அங்கிருந்துதான் வந்தது. அங்குள்ள சங்கங்கள், விசேஷம் நடத்திக் கொடுப்பவர்கள் தங்கள் தளத்தில் யாரிடம் என்ன வாங்கலாம் என்று பட்டியல் வைத்திருப்பார்கள். “என் பேரு அதுல இருக்கா பாரு தம்பி” என்று ஆச்சியே போன் செய்து கேட்டு, பத்து நிமிஷத்தில் போடவைத்தும் விடுவார். நான் மின்னஞ்சல் எழுதி ஒரு மாதம் காத்திருக்கும் வேலை அது.

பத்திரிகைக்காரர்கள் வந்தால் லிங்க்கைப் பேட்டியின்போதே கேட்டுவிட வேண்டும். கட்டுரை வெளியானபின் கேட்டால் அது வேறு ஆள் கையில் இருக்கிறது என்பார்கள். காரைக்குடிக் கண்டாங்கிச் சேலைக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது எங்கே பார்த்தாலும் செய்தி. அந்த நேரத்தில் சொந்தமாக ஒரு பக்கம் வைத்திருந்த நெசவாளருக்குத்தான் அதில் லிங்க் கிடைக்க வழி இருந்தது. செய்தி வந்தபின் தளம் ஆரம்பித்தால் அதற்குள் அலை ஓய்ந்துவிடும்.

யாரும் பேசாத, ஆனால் மிகச் சுலபமான வேலை ஒன்று உண்டு. வந்த லிங்க்கைத் தொலைக்காமல் இருப்பது. எங்கள் தளத்தை இலவச இடத்திலிருந்து சொந்த டொமைனுக்கு, அதாவது எங்கள் பெயரிலேயே வாங்கிய இணைய முகவரிக்கு, மாற்றினோம். பழைய முகவரிக்கு ஏற்கெனவே ஒரு நாளிதழ் லிங்க் கொடுத்திருந்தது. அந்தச் சேவையில் முகவரியைத் திருப்பிவிட வழி இருந்ததால் 301 என்ற நிரந்தரத் திருப்பல் முறையில் ஒவ்வொரு பழைய பக்கத்தையும் அதற்கு இணையான புதிய பக்கத்துக்குத் திருப்பினோம். எல்லாவற்றையும் முகப்புப் பக்கத்துக்கே திருப்பிவிடுவது சோம்பேறித்தனம். பராமரிப்பு பற்றிப் படிக்க வந்தவர் முகப்பில் வந்து நின்று விழிப்பார். திருப்பிவிட வசதி இல்லாத சேவையாக இருந்தால் லிங்க் கொடுத்தவருக்கே எழுதி முகவரியை மாற்றச் சொல்வது ஒன்றுதான் வழி. அதனால் முதல் நாளே சொந்த டொமைன் வாங்கிவிடுங்கள், வருஷத்துக்குச் சில நூறு ரூபாயிலிருந்து ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

அளப்பதற்கு சர்ச் கன்சோல் போதும், இலவசம். லிங்க் பகுதியில் யார் யார் கொடுத்திருக்கிறார்கள், எந்தப் பக்கத்துக்கு, என்ன வார்த்தையில் என்று தெரியும். அது முழுப் பட்டியல் இல்லை, தாமதமாகத்தான் புதுப்பிக்கும். ஆகவே அதையே தினமும் திறந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். நான் மாதம் ஒருமுறை பார்ப்பது இன்னொரு பகுதி. பட்டறை பெயரைப் போடாமல் தேடி வந்தவர்கள் எந்தச் சொல்லில் வந்தார்கள் என்று அதில் தெரியும். லிங்க் வேலை பலிக்கிறதா என்பது அங்கேதான் தெரியும், அதுவும் சில மாதம் கழித்து.

பலன் என்னவென்றும் சொல்ல வேண்டும். ‘ஆத்தங்குடி டைல்ஸ்’ என்ற ஒற்றைச் சொல்லுக்கு இன்றைக்கும் சந்தைத் தளங்கள்தான் எங்களுக்கு மேலே. லிங்க்கால் மட்டும் அவற்றைத் தாண்ட முடியும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். லிங்க் இன்று முதல் மூன்று காரணிகளில் ஒன்றுகூட இல்லை என்று கூகுளின் கேரி இல்யஸ் 2023-ல் சொன்னார். ஆனால் பதிப்பது எப்படி, கறை எடுப்பது எப்படி, முற்றத்துக்கு எந்த டிசைன் என்று தேடுகிறவர்களுக்கு நாங்கள் மேலே வருகிறோம். அவர்கள்தான் போன் செய்கிறார்கள். வெறும் விலை கேட்டுவிட்டு வைத்துவிடும் போன்கள் குறைந்தது சித்தப்பாவுக்கு ஒரு நிம்மதி.

மேலே வந்தால் வேறு தொல்லையும் சேர்ந்து வரும். இப்போது எங்கள் தளத்தில் லிங்க் வாங்கக் கேட்டு மின்னஞ்சல்கள் வருகின்றன. தரை சுத்தம் செய்யும் திரவம் விற்கும் ஒருவர், பராமரிப்புப் பக்கத்தில் தன் பொருளுக்கு ஒரு லிங்க் போட்டால் வருஷத்துக்கு இவ்வளவு என்று ஒரு தொகை சொன்னார். குறைந்த தொகை இல்லை. காசு வாங்கிப் போட்டால் ஸ்பான்சர்டு என்று குறி போட வேண்டும் என்றேன். அது வேண்டாம், சும்மா போடுங்கள் என்றார். அவருக்கு வேண்டியது எது என்று புரிந்தது.

சித்தப்பாவிடம் சொன்னேன்.

“தர்றாங்கன்னா போட்டுட வேண்டியதுதானேப்பா?”

“அந்தப் பாட்டில்ல ஆசிட் இருக்கு சித்தப்பா. பின்னாடியே எழுதியிருக்கான்.”

“அடப் பாவி” என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அடுத்து கொத்தனார்களுக்காக ஒரு பக்கம் தயார் செய்கிறோம். பதிப்பதைப் படம் பிடித்து, பேச்சுத் தமிழில் விளக்கி, வாட்ஸாப்பில் அனுப்பும் அளவுக்குச் சின்னச் சின்ன வீடியோக்கள். வீடியோவுக்கு ஆங்கிலத்திலும் இந்தியிலும் எழுத்து ஓட வேண்டும் என்று கொச்சியிலிருந்து ஓர் ஆர்க்கிடெக்ட் கேட்டிருக்கிறார், அங்கே வேலை செய்பவர்களுக்குத் தமிழ் தெரியாதாம். தயாரானதும் தன் தளத்தில் போட்டுக்கொள்கிறேன் என்று அவரே சொல்லிவிட்டார்.